சிக்கிள் செல் கருத்தரங்குக்கு போஸ்டர் அனுப்பப் போகிறீர்களா? அட்டப்பாடியிலிருந்து என் அனுபவம்

மருத்துவக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு போஸ்டர் வைப்பது, அதாவது செய்த ஆய்வை ஒரு பெரிய பதாகையில் அச்சடித்துக் கருத்தரங்கில் மாட்டி விளக்குவது, பழகிய வேலை. கைடு இருப்பார், சீனியர்கள் இருப்பார்கள், போன வருஷம் யாரோ செய்த ஃபைலை வாங்கி ஆரம்பித்துவிடலாம். மலைப்பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாகவோ நர்ஸாகவோ இருக்கிறவர்களுக்குக் கேட்க ஆள் கிடையாது. நான் ஆனைகட்டிக்காரி. தமிழ்நாட்டு எல்லையின் செக்போஸ்ட்டைத் தாண்டி, கேரளத்தில், அட்டப்பாடிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் லேபில் வேலை செய்கிறேன். சிக்கிள் செல் நோய் பற்றிய தேசிய அளவிலான ஒரு கருத்தரங்கில் போஸ்டர் வைக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, கைக்காசு பதினைந்தாயிரத்துக்குப் பக்கமாகப் போனது. அதில் பாதிக்கு மேல், யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். அந்த வார்த்தைகளை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

எங்கள் லேபில் ஒரு நீளமான ரிஜிஸ்டர் இருக்கிறது. பெயர், ஊர், சொலுபிலிட்டி டெஸ்ட் (முதல்கட்ட ரத்தப் பரிசோதனை) முடிவு, ஹெச்.பி.எல்.சி. (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் பரிசோதனை) ரிப்போர்ட் வந்த தேதி, ரத்தம் ஏற்றியது எப்போது, ஹைட்ராக்ஸியூரியா மருந்து தொடங்கியது எப்போது, அடுத்து வரவேண்டிய தேதி என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசிக் கட்டத்தில் பல பேருக்கு நேராக பென்சிலில் 'வரவில்லை' என்று எழுதியிருப்போம். சிக்கிள் செல் என்பது ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறுவதால் வரும் நோய். பீட்டா குளோபின் சங்கிலியில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வந்துவிடும். ஆக்ஸிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து சின்ன ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். வலி என்று வந்தால் பிள்ளைகள் இரவு முழுக்கக் கத்துவார்கள். மருந்தை விடாமல் சாப்பிட்டால் அந்த வலி வருவது குறையும். ஆகவே 'வரவில்லை' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படும். ஊரூராகப் போகும் சுகாதாரப் பணியாளர்களான ஆஷா அக்காக்களிடமும் பழங்குடியினர் துறையின் எஸ்.டி. பிரமோட்டர்களிடமும் விசாரித்தபோது ஒரு விஷயம் தெரிய வந்தது. வராதவர்களில் பலர் மருந்தை விடவே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அக்கா வீட்டிலோ மாமியார் வீட்டிலோ இருந்துகொண்டு அங்கேயே மருந்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் அவர்களை விட்டுப்போனவர்கள் என்று கணக்கு வைத்திருக்கிறோம். அந்தப் பக்கத்து ரிஜிஸ்டரில் அவர்கள் புது நோயாளிகள். இரண்டு பக்கமும் கணக்கு தப்பு.

இதைக் கேட்டதும் அப்போது எங்களிடம் இருந்த டாக்டர், "ரிஜிஸ்டர் வைத்திருப்பது நீங்கள், கண்டுபிடித்ததும் நீங்கள், நீங்களே கருத்தரங்குக்கு எழுதுங்கள் சிஸ்டர்" என்றார். அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அப்புறம் எல்லாம் நான்தான். போனில் கேட்டால் சொல்வார், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லை.

முதல் தடை, நான் எதிர்பார்க்காத இடத்தில் வந்தது. கருத்தரங்கின் இணையதளத்தில் ஆய்வின் சுருக்கம் அனுப்பும் படிவத்தைத் திறந்தால், எழுதுவதற்கு முன்பே ஒரு கட்டம்: ஆராய்ச்சி நோயாளிகளுக்குக் கெடுதல் இல்லாமல் நடக்கிறதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி எண். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. எங்கள் ஆஸ்பத்திரியில் எத்திக்ஸ் கமிட்டியே கிடையாது. பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து எண்ணுவதற்கு என்ன அனுமதி என்று தோன்றும். வேண்டும். நோயாளியின் பெயர் தெரியும்படியான எந்தப் பதிவிலிருந்தும் ஆராய்ச்சி என்று ஒன்று செய்தால் கமிட்டி பார்த்தாக வேண்டும். நோயாளிகளிடம் தனித்தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டாம் என்று விலக்குக் கொடுப்பதும் அந்தக் கமிட்டிதான், நாமாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று, வேலையை முடித்துவிட்டு அப்புறம் அனுமதி கேட்டால் தரமாட்டார்கள். முதலில் அனுமதி, அதற்குப் பிறகுதான் ரிஜிஸ்டரைத் திறந்து எண்ண வேண்டும்.

சொந்தக் கமிட்டி இல்லாத சின்ன நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் கமிட்டியோடு ஒப்பந்தம் போட்டு அதைப் பயன்படுத்தலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டி இதை அனுமதிக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு வாரக்கணக்கில் ஆனது. ஒரு கல்லூரிக் கமிட்டி ஒத்துக்கொண்டது. பரிசீலனைக் கட்டணம் 3,000 ரூபாய். அவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடுவார்கள். முதல் கூட்டத்தில் என் விண்ணப்பம் திருத்தச் சொல்லித் திரும்பி வந்தது, அடுத்த கூட்டம் வருவதற்குள் கருத்தரங்கின் கடைசித் தேதி முடிந்துவிட்டது. ஒரு வருஷம் அப்படியே போனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். ஆகவே யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: கருத்தரங்கு எப்போது என்று பார்க்காதீர்கள், கமிட்டி எப்போது கூடும் என்று பாருங்கள். ஜூன் 19 உலக சிக்கிள் செல் தினத்தை ஒட்டித்தான் இந்த மாதிரிக் கூட்டங்கள் நிறைய நடக்கும். சுருக்கம் அதற்குச் சில மாதம் முன்பே கேட்பார்கள். அதற்கும் ஆறு மாதம் முன்னால் கமிட்டிக்கு விண்ணப்பம் போயிருக்க வேண்டும். ஜூனில் போஸ்டர் என்றால் முந்தின வருஷம் தீபாவளிக்கு முன்பே வேலை தொடங்க வேண்டும்.

விண்ணப்பம் ஏன் திரும்பி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இந்த எல்லைப் பக்கத்தில் வேலை செய்கிற எல்லாருக்கும் அது வரும். படிவத்தில், ஆய்வில் வருகிறவர்கள் மிகவும் நலிந்த பழங்குடிப் பிரிவைச் சேர்ந்தவர்களா என்று கேட்டிருந்தது. இருளர் தமிழ்நாட்டுப் பட்டியலில் அந்தப் பிரிவு. கேரளப் பட்டியலில் அப்படி இல்லை. அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் என்று மூன்று பழங்குடிகள் இருக்க, குறும்பர் மட்டும்தான் கேரளத்தில் அந்தப் பிரிவில் வருகிறார்கள். அக்கா தமிழ்நாட்டு ஆனைகட்டியில், தங்கை கேரளத்துச் சோலையூரில் என்று ஒரே குடும்பம் இருக்கும். படிவத்தில் ஒருத்திக்கு 'ஆம்', இன்னொருத்திக்கு 'இல்லை'. கமிட்டி இதை விளக்கமாக எழுதச் சொன்னது, எழுதினேன். பழங்குடி மக்களிடம் ஆராய்ச்சி என்றால் அது அவர்களுக்கே பயன்படுவதாக இருக்க வேண்டும், உரிய அரசு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், ஊர்ப் பெரியவர்களைக் கலந்து பேச வேண்டும் என்று வழிகாட்டியில் இருக்கிறது. பழங்குடியினர் துறைக்குத் தனியாகக் கடிதம் கொடுத்தேன். அப்புறம் இன்னொரு கேள்வி: ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியின் பதிவுகளையும் பார்ப்பீர்களா? பார்க்க வேண்டுமென்றால் அந்த ஆஸ்பத்திரியின் அனுமதி, அந்த மாநிலத்தின் அனுமதி எல்லாம் தனி. எனக்கு அதற்கு வழியில்லை. ஆகவே எங்கள் ரிஜிஸ்டர் மட்டும், அந்தப் பக்கம் மருந்து வாங்குவது பற்றி நோயாளிகளே ஒப்புதலோடு சொன்னது மட்டும் என்று சுருக்கிக்கொண்டேன். சின்னதாக வைத்ததால்தான் அது முடிந்தது.

ஊர்ப் பெரியவர்களைக் கலந்து பேசுவதைச் சடங்காக நினைத்துப் போய்விடாதீர்கள். எங்கள் போஸ்டரை உருப்படியாக்கியதே அந்தப் பேச்சுதான். நான் ஒரு வரைபடம் போட்டு வைத்திருந்தேன். ஆறு, எல்லைக்கோடு, இரண்டு பக்கமும் ஊர்கள், எங்கெங்கே நோயாளிகள் என்று சிவப்புப் புள்ளிகள். பார்க்க நன்றாக இருந்தது, போஸ்டருக்கு நடுவில் வைக்கலாம் என்று இருந்தேன். ஒரு ஊரின் தலைவரான மூப்பனிடம் அதைக் காட்டினேன். திண்ணையில் உட்கார்ந்தபடி பேப்பரைத் தூரமாகப் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, விரலால் ஆற்றின் மேலேயே கொஞ்ச தூரம் போய், அவருடைய ஊர் இருந்த இடத்தில் நிறுத்தினார்.

"அம்மிணி, இதுல எங்க ஊரு பேரு வருமா?"

"வருதுங்க மூப்பா, இதோ."

"இந்தப் புள்ளி எத்தன பேரு?"

"மூணு பேருங்க."

"எங்க ஊர்ல அந்த வயசுல இருக்கறதே ஏழெட்டுப் புள்ளைக. இதப் பாத்தா யாரு யாருன்னு அந்தப் பக்கத்துல பொண்ணு கேக்கறவங்களுக்குத் தெரியாதா?"

எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் போய்விட்டது என்று எல்லாரும் நினைக்கிறோம். சின்ன ஊரில், ஊர்ப் பெயர், வயது, ஆணா பெண்ணா என்ற மூன்றும் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும். சிக்கிள் செல் என்று தெரிந்து நின்றுபோன கல்யாணங்கள் இங்கே உண்டு. அதிலும் கொடுமை, நோயே இல்லாமல் மரபணுவை மட்டும் சுமக்கிற பெண்களையும் நோயாளி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வரைபடத்தை எடுத்துவிட்டேன். ஊர்ப் பெயர்கள் எல்லாவற்றையும் எடுத்தேன். 'கேரள–தமிழ்நாடு எல்லையில் ஒரு மலைப்பகுதி' என்று மட்டும் எழுதினேன். ஐந்து பேருக்குக் குறைவாக வருகிற எந்தக் கட்டத்தையும் தனியாகக் காட்டாமல் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்தேன். நோயாளியின் முகம், கை, கால் என்று எந்தப் படமும் வைக்கவில்லை. கருத்தரங்கில் எல்லாரும் போனில் படம் எடுப்பார்கள், அது எங்கே எங்கேயோ போகும். போஸ்டரில் போட்ட பிறகு எதையும் திரும்ப எடுக்க முடியாது. பழங்குடி ஊர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி சுருக்கம் எழுதுவது. 250 சொல்தான், ஆனால் அதற்கு நான் செலவழித்த இரவுகள் அதிகம். பின்னணி, முறை, முடிவுகள், தீர்மானம் என்று நான்கு பகுதி கேட்பார்கள். புதிதாக எழுதுகிறவர்களுக்குப் பின்னணியிலேயே பாதிச் சொல் போய்விடும். 1910-ல் சிகாகோவில் ஹெரிக் முதன்முதலாக எழுதியது, 1949-ல் பாலிங் இதை மூலக்கூறு நோய் என்று காட்டியது, 1952-ல் லேமனும் கட்புஷும் நம் நீலகிரிப் பக்கத்துப் பழங்குடிகளிடம் இதைக் கண்டது எல்லாம் எழுத ஆசையாகத்தான் இருக்கும். நம் மலையில் எழுபது வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது, அந்த ஒரு வரியை மட்டும் வைத்தேன். 2023-ல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டம், 2047 இலக்கு, 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது என்பதெல்லாம் அங்கே வருகிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். நம்மிடம் மட்டும் இருப்பது நம் ரிஜிஸ்டர். அதற்கு இடம் விடுங்கள்.

முடிவுகள் பகுதியில் எண்களைச் சொல்லும்போது எத்தனை பேரில் எத்தனை பேர் என்பது ஒவ்வொரு இடத்திலும் தெளிவாக இருக்க வேண்டும். சதவீதம் மட்டும் எழுதினால் திருப்பி அனுப்புவார்கள், அனுப்பவும் வேண்டும். லேப்காரர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சொலுபிலிட்டி டெஸ்ட், சிக்கிள் ஹீமோகுளோபினான ஹெச்பி-எஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். நோயா, சுமப்பவரா என்று பிரிக்காது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு, கருவில் இருந்தபோதைய ஹீமோகுளோபினான ஹெச்பி-எஃப் அதிகம் இருப்பதால் இல்லை என்று காட்டலாம். கடுமையான ரத்தசோகையிலும் தவறும். ஆகவே அதை மட்டும் வைத்து நோயாளிகள் என்று எழுதக் கூடாது. ஹெச்.பி.எல்.சி. செய்தவர்களிலும், சமீபத்தில் ரத்தம் ஏற்றியவர்களை விலக்க வேண்டும். கொடுத்தவரின் சிவப்பணு 120 நாள் வரை இருக்கும், அந்தச் சமயத்தில் எடுத்தால் முழு நோயாளியும் சுமப்பவர் மாதிரி தெரிவார். ரத்தம் ஏற்றி மூன்று மாதம் ஆகாதவர்களின் ரிப்போர்ட்டை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அதை முறைப் பகுதியில் ஒரு வரி எழுதினேன். கருத்தரங்கில் அந்த ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றியது, அதைப் பிறகு சொல்கிறேன். ஹெச்பி-ஏ2 என்ற இன்னொரு ஹீமோகுளோபின் வகையின் அளவை வைத்து, பீட்டா தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோயும் சேர்ந்திருக்கிறது என்று எழுத நினைப்பவர்கள் ஜாக்கிரதை. ஹெச்பி-எஸ் இருந்தாலே ஹெச்.பி.எல்.சி.யில் அந்த அளவு கூடுதலாகக் காட்டும். குடும்பத்தாரின் ரிப்போர்ட்டையும் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது.

படிவத்தைப் பற்றிச் சின்ன விஷயங்கள், ஆனால் நேரம் தின்பவை. நேராக இணையதளத்தில் தட்டச்சு செய்யாதீர்கள், எங்கள் பக்கம் நெட் போகும், எழுதியதெல்லாம் போய்விடும். வேர்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். சில இடங்களில் சொல் கணக்கு, சில இடங்களில் எழுத்துக் கணக்கு. பரிசீலிப்பவர்களுக்கு யார் எழுதியது என்று தெரியக் கூடாது என்றால் சுருக்கத்துக்குள் ஆஸ்பத்திரி பெயர் இருக்கக் கூடாது. என்னுடையது அதற்காகவே ஒருமுறை திரும்பி வந்தது, விதி எங்கோ ஏழாவது பக்கத்தில் இருந்திருக்கிறது. எழுதியவர்கள் வரிசையை முதலிலேயே எல்லாரிடமும் கேட்டு, மின்னஞ்சலில் சம்மதம் வாங்கி வையுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு என் பெயர் ஏன் இல்லை என்று ஒருவர், என் பெயர் ஏன் முதலில் இல்லை என்று ஒருவர் என்று வந்தால் மனசு விட்டுப்போகும். ஊரூராகப் போய் விசாரித்துச் சொன்ன ஆஷா அக்காவின் பெயரை நான் எழுதியவர்களில் ஒருவராகச் சேர்த்தேன். அவர் இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்பே இல்லை. அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

ஏற்றுக்கொண்டோம் என்ற மின்னஞ்சல் வந்த அன்றைக்கு சந்தோஷத்தில் எல்லாருக்கும் போன் போட்டேன். மின்னஞ்சலின் கீழே, போஸ்டர் வைப்பவர் பத்து நாளுக்குள் பதிவுக் கட்டணம் கட்டாவிட்டால் சுருக்கம் நீக்கப்படும் என்று இருந்தது. மாணவர்களுக்கு ஒரு கட்டணம், மருத்துவர்களுக்கு ஒரு கட்டணம். டெக்னீஷியனுக்கும் நர்ஸுக்கும் கட்டமே இல்லை. போன் செய்தால் மருத்துவர் கட்டணத்தில் கட்டச் சொன்னார்கள். 5,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 5,900. எங்கள் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை. அப்புறம் அங்கே போனபோது தெரிந்தது, மின்னஞ்சலில் கேட்ட இரண்டு செவிலியர்களுக்கு மாணவர் கட்டணத்திலேயே பதிவு கொடுத்திருக்கிறார்கள். ஆகவே போனில் கேட்காதீர்கள். நிறுவனத்தின் கடிதத்தை இணைத்து, நான் இந்த வேலையில் இருக்கிறேன், சலுகை உண்டா, பயண உதவி உண்டா என்று செயலாளருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். எழுத்தில் கேட்டால் பதில் வரும்.

இதே சமயத்தில் இன்னொரு வகை மின்னஞ்சல்களும் வர ஆரம்பிக்கும். உங்கள் புகழ்பெற்ற ஆய்வைப் படித்தோம், துபாயிலோ பாங்காக்கிலோ நடக்கும் உலக ஹெமட்டாலஜி மாநாட்டில் பேச வாருங்கள் என்று இருக்கும். சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஏற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள், கட்டணத்தை டாலரில் கேட்பார்கள். நடத்துவது எந்தக் கல்லூரி, எந்தச் சங்கம் என்று பாருங்கள். குழுவில் இருப்பதாகப் போட்டிருக்கும் ஒரு டாக்டருக்கு அவருடைய கல்லூரி முகவரியில் எழுதிக் கேளுங்கள். தெரிந்த ஒரு பிஸியோதெரபிஸ்ட் இப்படிப் பணம் கட்டி இழந்திருக்கிறார், அதனால்தான் எனக்கு அதில் கை வைக்கத் தோன்றவில்லை.

போஸ்டர் தயாரிப்பது. பவர்பாயிண்ட் போதும். ஆனால் முதல் வேலையாக ஸ்லைடின் அளவை வைத்துவிட வேண்டும். ஏ-0 என்றால் 84.1-க்கு 118.9 சென்டிமீட்டர். எல்லாவற்றையும் அடுக்கி முடித்த பிறகு அளவை மாற்றினால் எழுத்தும் படமும் கண்டபடி இழுத்துக்கொள்ளும். தலைப்பு ஆறடி தள்ளி நின்றாலும் படிக்க வேண்டும், உள்ளே இருக்கும் எழுத்து 28 புள்ளிக்குக் குறையக் கூடாது. அந்த அளவில் வைத்தால் தானாகவே எழுத்துக் குறையும், அது நல்லதுதான். ஹெச்.பி.எல்.சி. வரைபடத்தை போனில் படம் எடுத்து ஒட்டினால் பெரிதாக்கும்போது பிசிறடிக்கும், லேபில் கேட்டு பி.டி.எஃப். ஆகவே வாங்குங்கள், அதில் மேலே நோயாளியின் பெயரும் எண்ணும் இருக்கும், அதை வெட்டிவிடுங்கள். கறுப்புக் கட்டம் போட்டு மறைத்தால் போதாது, ஃபைலில் கட்டத்தை நகர்த்தினால் பெயர் தெரியும். முடித்ததும் பி.டி.எஃப். ஆக மாற்றி, பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் வையுங்கள்.

அச்சடிக்க கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். "ஏனுங்கக்கா, ஃபிளெக்ஸா, துணியா?" என்று அந்தத் தம்பி கேட்டான். விலை வித்தியாசம் இரண்டு மடங்குக்கு மேல். ஃபிளெக்ஸ் கனம், சுருட்டினால் மடிப்பு விழும், வெளிச்சத்தில் பளபளக்கும். துணியில் அடித்தால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகலாம். கூட்டம் நிறைந்த ரயிலில் போகிறவர்கள் துணியையே எடுங்கள் என்று சொல்வேன். நான் முதலில் எடுத்தது ஃபிளெக்ஸ், 900 ரூபாய். அதைக் கொண்டுபோக பிளம்பிங் கடையில் நாலு இஞ்ச் பி.வி.சி. பைப்பை வெட்டி வாங்கி, இரண்டு பக்கமும் மூடி போட்டேன். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை கருத்தரங்கிலிருந்து மின்னஞ்சல்: போஸ்டர் பலகைகள் மாறிவிட்டன, நிற்கிற வாக்கில் இல்லாமல் படுத்த வாக்கில்தான் வைக்க முடியும். ஒரு வரி, அவ்வளவுதான். மன்னிப்புக்கூட இல்லை. அழுகை வந்தது. இரவோடு இரவாக மொத்தத்தையும் மாற்றி அடுக்கி, விடியற்காலை பஸ்ஸில் ஆனைகட்டியிலிருந்து கிளம்பி, கடை திறக்கும் வரை வாசலில் நின்று துணியில் அடித்து வாங்கினேன். 2,200 ரூபாய். முன்பே போட்டிருந்த டிக்கெட்டின் ரயில் போய்விட்டது, அந்தக் காசும் போனது. இதற்கு இரண்டு வழி உண்டு. பலகையின் நீள அகலத்தை அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது ஒன்று. கருத்தரங்கு நடக்கிற ஊரிலேயே ஒரு அச்சுக் கடையைப் பிடித்து, ஃபைலை அனுப்பி, போய் இறங்கியதும் வாங்கிக்கொள்வது இன்னொன்று. மருத்துவக் கல்லூரி இருக்கிற எந்த ஊரிலும் வாசலிலேயே அப்படிக் கடைகள் இருக்கும்.

அங்கே போனால், பலகைகள் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும் வழியில் இருந்தன. ஒட்டுவதற்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை. இரண்டு பக்க டேப்பும் குண்டூசியும் கத்தரியும் நீங்களே கொண்டுபோங்கள். என்னிடம் இருந்த டேப்பை ஐந்தாறு பேர் வாங்கிக்கொண்டார்கள், அப்படித்தான் எனக்கு அங்கே பழக்கமே ஏற்பட்டது. மதிப்பிட வந்த பேராசிரியர் மூன்று நிமிஷம்தான் நின்றார். முழுசையும் படித்துக் காட்டாமல், யார், என்ன பார்த்தோம், என்ன தெரிந்தது, என்ன செய்யலாம் என்று ஒன்றரை நிமிஷத்தில் சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள். நான் வீட்டில் தம்பியை நிற்க வைத்துச் சொல்லிப் பார்த்திருந்தேன். இங்கிலீஷில் தடுமாறினாலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முதலில் கேட்டதே, ரத்தம் ஏற்றியவர்களை என்ன செய்தீர்கள் என்றுதான். விலக்கிவிட்டோம், இதோ இங்கே எழுதியிருக்கிறோம் என்று விரலை வைத்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, அந்தப் பக்கம் மருந்து வாங்குகிறவர்களை நேரில் சரிபார்த்தீர்களா என்றார். இல்லை, அவர்கள் சொன்னதும் கையில் இருந்த மருந்துச் சீட்டும்தான் என்றேன். அதைக் குறையாகவே எழுதியிருக்கிறீர்கள், அது சரி என்றார். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் வயநாட்டிலிருந்தும் கூடலூர்ப் பக்கமிருந்தும் வந்தவர்கள் போஸ்டருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்கள். அவர்களுக்கும் எல்லை ஒன்று இருக்கிறது, அவர்களிடமும் பென்சிலில் 'வரவில்லை' இருக்கிறது. ஒரு நர்ஸ் சேச்சி என் போன் எண்ணை வாங்கிக்கொண்டு போனார். இந்த ஒன்றுக்காக 5,900 கொடுத்திருக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

திரும்பும் முன் செய்ய வேண்டியவை: சான்றிதழில் பெயரும் தலைப்பும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள், ஊருக்கு வந்த பிறகு திருத்தி வாங்குவது நடக்காத காரியம். கட்டண ரசீது, அச்சு பில், டிக்கெட் எல்லாம் சேர்த்து வையுங்கள். எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகம் பில் பார்த்த பிறகு அச்சுச் செலவை மட்டும் கொடுத்தது. எத்திக்ஸ் கமிட்டிக்கு, வேலை முடிந்தது என்று ஒரு அறிக்கை அனுப்ப வேண்டும். அதை அனுப்பினால்தான் அடுத்த முறை போகும்போது முகம் கொடுத்துப் பேசுவார்கள்.

போஸ்டர் துணியில் இருந்ததால் ஊர்க் கூட்டத்துக்கு எடுத்துப் போக முடிந்தது. இங்கிலீஷில் இருந்ததை நான் வாயால் சொன்னேன், ஆஷா அக்கா இருளர் மொழியில் சொன்னார். வரைபடம் இல்லை, ஊர்ப் பெயர் இல்லை என்று மூப்பன் பார்த்துவிட்டு, "செரி அம்மிணி, இதெல்லாம் இருக்கட்டும், அந்தப் பக்கத்து டாக்டருக்கு எங்க புள்ள என்ன மருந்து சாப்புடுதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் இப்போது வேலை நடக்கிறது. சட்டைப் பையில் வைக்கிற அளவில் ஒரு அட்டை: ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம். ஹெச்.பி.எல்.சி. தேதி, ஹைட்ராக்ஸியூரியா எத்தனை மில்லிகிராம், கடைசியாக ரத்த எண்ணிக்கை பார்த்தது எப்போது, கடைசியாக ரத்தம் ஏற்றியது எப்போது, இந்தப் பக்கத்து எண், அந்தப் பக்கத்து எண். மேலே நோயின் பெயர் இருக்காது, ஊர்ப் பெயரும் இருக்காது. மாதிரி அச்சடித்துச் சில குடும்பங்களிடம் கொடுத்திருக்கிறோம். மழைக்குத் தாங்க லேமினேட் செய்தால் பேனாவால் எழுத முடியவில்லை என்கிறார்கள், அதற்கு என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த வருஷத்துக்கான எத்திக்ஸ் விண்ணப்பம் போன வாரமே போய்விட்டது.